கரையோரக் கப்பல், பார்ஜ் சரக்குப் போக்குவரத்து: வரிவிலக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடியில் உப்பு ஏற்றுபவர், குஜராத்தின் மோர்பியிலிருந்து டைல்ஸ் இறக்குபவர், அந்தமானுக்குப் பலசரக்கு அனுப்புபவர், கொச்சியிலும் கோவாவிலும் பார்ஜ் (தட்டையான அடிப்பாகமுள்ள சரக்குப் படகு) ஓட்டுபவர் என்று எல்லாரும் கேட்கும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். இந்தியாவுக்குள் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போகும் சரக்கு பற்றியது இது. 2025 செப்டம்பர் 22 அன்று நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றங்களும் இதில் அடங்கும்.

1. கோஸ்டல் கப்பல்ல சரக்கு அனுப்பினா ஜிஎஸ்டியே கிடையாதாமே?

பாதி உண்மை. ஆறு, கால்வாய், காயல் வழியாகப் போகும் சரக்குப் போக்குவரத்துக்கு முழு விலக்கு உண்டு. அங்கே என்ன சரக்கு என்பது பொருட்டே இல்லை. கடல் வழியாக இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே போவதற்கு 5% வரி. அதில் சில சரக்குகளுக்கு மட்டும் விலக்கு (கேள்வி 3).

இரண்டுமே 2017 ஜூன் 28 தேதியிட்ட 12/2017 மத்திய வரி விகித அறிவிக்கையில்தான் இருக்கின்றன. உள்நாட்டு நீர்வழி 18ஆம் வரிசையில், கப்பலில் போகும் குறிப்பிட்ட சரக்குகள் 20ஆம் வரிசையில். இன்வாய்ஸில் விலக்கு என்று எழுதும்போது எந்த வரிசையின் கீழ் என்பதையும் எழுதிவிடுங்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் அதைத்தான் தேடுவார்.

2. உள்நாட்டு நீர்வழின்னா எது? எங்க ஊர் ஆறும் அதில் வருமா?

அறிவிக்கை இரண்டு வகையைச் சொல்கிறது. ஒன்று, தேசிய நீர்வழிகள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இவை மொத்தம் 111. ஹால்தியாவிலிருந்து பிரயாக்ராஜ் வரை 1,620 கிலோமீட்டர் நீளும் கங்கைத் தடம் முதலாவது. துப்ரி முதல் சதியா வரை 891 கிலோமீட்டர் பிரம்மபுத்திரா இரண்டாவது. கேரளத்தின் மேற்குக் கடற்கரைக் கால்வாய் மூன்றாவது. நான்காவதில் காக்கிநாடா–புதுச்சேரி கால்வாய்களும் சேர்கின்றன, சென்னை வழியாகப் போகும் பக்கிங்காம் கால்வாய் அதில் ஒரு பகுதி. காவிரி–கொள்ளிடம், பாலாறு, வைகை, தாமிரபரணி ஆகியவையும் 111இல் இருக்கின்றன. பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் சரக்குப் படகு ஓடிவிடாது. ஆழமும் இறங்குதுறையும் வேண்டும்.

இன்னொன்று, 1917ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம் சொன்ன 'உள்நாட்டு நீர்': படகு செல்லத்தக்க ஆறு, ஏரி, கால்வாய். எனவே 111இல் இல்லாத காயல் என்பதால் விலக்குப் போய்விடாது. அந்த 1917 சட்டத்தின் இடத்தில் இப்போது 2021ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பார்ஜின் பதிவு, சர்வே சான்றிதழ் எல்லாம் புதிய சட்டப்படி இருக்கட்டும்.

3. கடல்ல போற எந்தெந்தச் சரக்குக்கு விலக்கு?

விவசாய விளைபொருள். பால், உப்பு. மாவு, பருப்பு, அரிசி உட்பட உணவு தானியம். இயற்கை உரம். பேரிடர் நிவாரணப் பொருள். பாதுகாப்புப் படைத் தளவாடம். பதிவுபெற்ற செய்தித்தாள், பத்திரிகை. ரயில்வே தளவாடங்களும் முன்பு இருந்தன. 2022 ஜூலை 18 முதல் அவற்றை எடுத்துவிட்டார்கள். பழைய பட்டியலைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் அலுவலகங்கள் இதில்தான் தவறுகின்றன.

சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அதாவது பழைய போர்ட் பிளேருக்கு, ஏற்றும் ஒரு சாதாரணப் பலசரக்கு லோடை எடுத்துக்கொள்வோம். அரிசி, துவரம்பருப்பு, கோதுமை மாவு, வெங்காயம், உப்பு ஆகியவற்றின் கப்பல் கூலிக்கு வரி இல்லை. சர்க்கரை, சமையல் எண்ணெய், சோப்பு, சிமென்ட் ஆகியவற்றுக்கு 5%. சர்க்கரை 'உணவுப் பொருள்தானே' என்று வாதிடுவார்கள். அறிவிக்கை உணவு தானியம் என்றுதான் சொல்கிறது, உணவுப் பொருள் என்று அல்ல. உப்பில் மட்டும் சாப்பாட்டு உப்பு, தொழிற்சாலை உப்பு என்ற பாகுபாடு இல்லை. தூத்துக்குடிக்காரர்களுக்கு இது முக்கியம்.

4. முந்திரிப் பருப்பும் வெல்லமும் விவசாயத்துல விளையறதுதானே?

விளைகிறது. ஆனால் சட்டம் கேட்பது அதுவல்ல. விளைந்த பொருளுக்கு விவசாயியே வழக்கமாகச் செய்யும் பக்குவம் மட்டும் நடந்திருக்க வேண்டும், பொருளின் அடிப்படைத் தன்மை மாறியிருக்கக் கூடாது, முதல் சந்தைக்குத் தயாராகும் அளவோடு நின்றிருக்க வேண்டும். 2017 நவம்பர் 15 தேதியிட்ட 16ஆம் எண் சுற்றறிக்கை வெல்லம், பதப்படுத்திய தேயிலை, காப்பிக்கொட்டை, மசாலா, முந்திரி, தோல் நீக்கி உடைத்த பருப்பு எல்லாம் விவசாய விளைபொருள் அல்ல என்று சொல்லிவிட்டது.

இங்கே ஒரு நுணுக்கம். உடைத்த துவரம்பருப்பு விவசாய விளைபொருள் ஆகாது. ஆனாலும் கப்பல் கூலிக்கு விலக்கு உண்டு, ஏனென்றால் 20ஆம் வரிசை 'பருப்பு' என்று தனியாகவே பெயர் சொல்கிறது. அதே பருப்பைத் துறைமுகக் கிடங்கில் வைத்தால் கிடங்கு வாடகைக்கு வரி வரும், அங்கே விவசாய விளைபொருள் என்ற சோதனைதான் பொருந்தும். அரிசிக்கு அந்தக் கவலை இல்லை. அரிசியை ஏற்ற, இறக்க, கிடங்கில் வைக்கத் தனி விலக்கே இருக்கிறது.

5. ஒரே கன்டெய்னர்ல அரிசியும் சோப்பும் போட்டா?

முடிந்தவரை தனித்தனி பில் ஆஃப் லேடிங் (சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) வாங்குங்கள். ஒரே கன்டெய்னருக்கு ஒரே மொத்தக் கூலி என்று பில் போட்டால், அரிசியின் பங்கு எவ்வளவு என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. கப்பல் நிறுவனமும் தன்னைக் காத்துக்கொள்ள முழுக் கூலிக்கும் 5% போட்டுவிடும். எடை வாரியாகப் பிரித்துக் கூலி எழுதச் சொல்லி, முன்பதிவின்போதே மின்னஞ்சலில் வாங்கி வைத்தால் போதும். சரக்கு இறங்கிய பிறகு கேட்டால் பில் தொகையைக் குறைத்துத் தரும் கிரெடிட் நோட்டுக்காக மாதக் கணக்கில் அலைய வேண்டியதுதான்.

6. ஃப்ரெய்ட்டுக்கு 5% தான்னாங்க. பில்லைப் பார்த்தா பல இடத்துல 18% இருக்கே?

ஃப்ரெய்ட் என்பது கப்பல் கூலி மட்டும். டெர்மினலில் சரக்கைக் கையாளும் கட்டணம், ஆவணக் கட்டணம் போன்றவற்றைப் பில்லில் தனித்தனி இனமாக எழுதும்போது அவை தனிச் சேவைகளாகி 18% ஏறும். துறைமுகம் நேரடியாக உங்களுக்குப் போடும் பில்லும் 18% தான். ஒரே ஒப்பந்தத்தில், ஒரே விலையில், போக்குவரத்து முதன்மையாகவும் மற்றவை அதோடு இயல்பாக ஒட்டியும் வந்தால் முழுத் தொகைக்கும் போக்குவரத்தின் வரியே பொருந்தும். விலை பேசும்போதே இதைப் பேச வேண்டும்.

இது யாருக்கு வலிக்கிறது என்று பாருங்கள். டைல்ஸ் வியாபாரி 1,00,000 ரூபாய் கையாளும் கட்டணத்துக்கு 18,000 வரி கட்டினாலும், டைல்ஸ் விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வார். இப்படிக் கழிப்பதைத்தான் கிரெடிட் என்கிறோம். உப்பு வியாபாரி விற்கும் சரக்குக்கு வரியே இல்லை, அதனால் கழிக்க இடமில்லை. அந்த 18,000 உப்பின் விலையில் ஏறிவிடும். ஃப்ரெய்ட்டுக்குக் கிடைத்த விலக்கைத் துறைமுக வாசலிலேயே பாதி இழக்கிறார். எங்கள் கருத்தில் கரையோர உப்புப் போக்குவரத்தின் உண்மையான வரிச்சுமை இதுதான், 5% அல்ல.

7. நான் பார்ஜ் ஓட்டறேன். எனக்கு விலக்கு வேண்டாம், 5% கட்டிட்டு கிரெடிட் எடுத்துக்கறேன்னு சொல்லலாமா?

முடியாது. நிபந்தனையில்லாத முழு விலக்கு கொடுக்கப்பட்ட சேவைக்கு வரி வசூலிக்கவே கூடாது என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 11ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. வசூலித்துவிட்டால் 76ஆம் பிரிவின்படி அதை அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும். வாடிக்கையாளர் எடுத்த கிரெடிட்டுக்கும் சிக்கல் வரும்.

எனவே பார்ஜ் வாங்கும்போது கட்டிய 5%, இன்ஜின் ஆயிலின் 18%, டிரை டாக் (கலத்தை நீருக்கு வெளியே வைத்துப் பழுதுபார்க்கும் இடம்) பில்லின் வரி எல்லாம் செலவுதான். கூலி நிர்ணயிக்கும்போதே இதைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். விலக்குச் சேவை மட்டுமே செய்பவருக்கு 23ஆம் பிரிவின்படி ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. அதோடு வரி உள்ள வேறு தொழிலும் இருந்தால் பொதுச் செலவுகளின் கிரெடிட்டை 42, 43ஆம் விதிகளின்படி பிரித்துத் திருப்ப வேண்டும். ஆண்டு முடிவில் மறுகணக்குப் போட மறப்பதுதான் இங்கே வழக்கமான தவறு.

8. பார்ஜை இன்னொருத்தருக்கு மாச வாடகைக்கு விட்டிருக்கேன். அதுக்கும் விலக்கு உண்டா?

இல்லை. விலக்கு 'சரக்கைக் கொண்டுசேர்க்கும் சேவைக்கு'. நீங்கள் கொடுப்பது கலத்தை. சரக்குக்கான கலத்தை ஆட்களோடு டைம் சார்ட்டரில், அதாவது குறிப்பிட்ட கால வாடகைக்கு, விட்டால் 5%. ஆள் இல்லாமல் வெறும் கலத்தை விட்டால் அந்தக் கலத்தின் விற்பனைக்கு என்ன வரியோ அதே விகிதம், சரக்குக் கப்பலுக்கு அதுவும் 5%.

ஒப்பந்தத்தின் வாசகம்தான் இதைத் தீர்மானிக்கும். 'டன்னுக்கு இவ்வளவு, இந்தத் துறையிலிருந்து அந்தத் துறைக்கு' என்றால் போக்குவரத்து. 'நாளுக்கு இவ்வளவு, டீசல் வாடகைக்காரர் பொறுப்பு, எங்கே போக வேண்டும் என்று அவரே சொல்வார்' என்றால் வாடகை. வேலை உண்மையில் டன் கணக்கில் நடந்தும், பழைய மாதிரிப் படிவத்தை நகல் எடுத்து 'பார்ஜ் வாடகை ஒப்பந்தம்' என்று தலைப்பிட்டு விலக்கை இழந்தவர்கள் உண்டு.

9. பாதி கடல், பாதி ஆறு. எப்படிப் பில் போடறது?

இதுதான் இருப்பதிலேயே சிக்கலான கேள்வி. கோவாவின் இரும்புத்தாது பார்ஜைப் பாருங்கள். மாண்டவி ஆற்றின் ஏற்றுமிடத்தில் நிரப்பி, கும்பார்ஜுவா கால்வாய் வழியே ஜுவாரிக்கு வந்து, மர்மகோவாவில் இறக்குகிறது. மூன்றும் தேசிய நீர்வழிகள். இறங்குமிடம் வரை விலக்கில் பெரிய கேள்வி எழாது. கொச்சிக் காயலில் உத்யோக்மண்டல் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியாவும் பாஸ்பாரிக் அமிலமும் கொண்டுபோகும் பார்ஜும் அப்படித்தான்.

பாரதீப்பில் ஏற்றி, கடல் வழியே ஹூக்ளி முகத்துவாரம் வந்து, கங்கைத் தடத்தில் மேலே போகும் ஒரே கலம், ஒரே கூலி என்றால் கதை வேறு. கடல் பகுதி 5%, ஆற்றுப் பகுதி விலக்கு என்று தானாகப் பிரியாது. ஹால்தியாவில் கலம் மாற்றி, ஆற்றுக்குத் தனி ஒப்பந்தம், தனி ஆவணம், தனிக் கூலி இருந்தால் ஆற்றுப் பகுதியின் விலக்கைத் தைரியமாகக் காட்டலாம். ஒரே ஒப்பந்தமானால் முழுவதற்கும் 5% கட்டிவிடுவதே பாதுகாப்பு. பெறுபவருக்கு கிரெடிட் கிடைக்குமானால் இதற்காகச் சண்டை போடுவதில் பயன் இல்லை.

10. கப்பல் கம்பெனி 5% தானே வாங்குது, அவங்களுக்கு என்ன கஷ்டம்?

அந்த 5% ஒரு நிபந்தனையோடு வருகிறது. கப்பலைத் தவிர வேறு பொருட்களுக்குக் கட்டிய வரியைக் கிரெடிட் எடுக்கக் கூடாது. 40 லட்சம் ரூபாய்க்கு பங்கர் எண்ணெய் (கப்பல் எரிபொருள்) நிரப்பினால் அதன் 5%, அதாவது 2 லட்சம், செலவு. உதிரி பாகம், பெயின்ட், லூப் ஆயிலுக்கும் அப்படியே. கப்பல் வாங்கிய வரியையும், துறைமுகக் கட்டணம் போன்ற சேவைகளின் வரியையும் எடுக்கலாம்.

எடுக்கலாம், ஆனால் தீராது. வெளியே 5%, உள்ளே வரும் சேவைக்கு 18% என்பதால் கிரெடிட் குவிகிறது. அதைப் பணமாகத் திரும்பக் கேட்டால் 89(5)ஆம் விதி பொருட்களின் கிரெடிட்டை மட்டுமே கணக்கில் கொள்ளும், சேவைகளை அல்ல. உச்ச நீதிமன்றம் வி.கே.சி. ஃபுட்ஸ்டெப்ஸ் வழக்கில் 2021 செப்டம்பர் 13 அன்று அந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. பொருட்களுக்குக் கிரெடிட்டே இல்லாத கப்பல் நிறுவனத்துக்குத் திரும்பப் பெற எதுவும் மிஞ்சுவதில்லை. குவிந்த தொகை கடைசியில் ஃப்ரெய்ட்டில் ஏறித்தான் உங்களிடம் வருகிறது.

11. எரிபொருளுக்கு விலக்கு உண்டா?

கனரக பங்கர் எண்ணெய்க்கு 5% ஜிஎஸ்டி. டீசல் ஜிஎஸ்டிக்குள்ளேயே இல்லை, அதற்கு மத்திய கலால் வரியும் மாநில வாட் வரியும் உண்டு. ஆற்றில் ஓடும் பார்ஜ்களில் பெரும்பாலானவை டீசலில்தான் ஓடுகின்றன. அதாவது கூலிக்கு முழு விலக்குப் பெற்ற தொழில், தன் மிகப் பெரிய செலவில் கழிக்கவே முடியாத வரியைக் கட்டுகிறது. நீர்வழியை வளர்க்க வேண்டுமென்றால் முதலில் கைவைக்க வேண்டிய இடம் இது.

12. வெளிநாட்டு ஓட்டத்துல இருந்த கப்பலை ஒரு ட்ரிப் கோஸ்டலுக்கு எடுத்தா என்ன ஆகும்?

வெளிநாட்டு ஓட்டத்தில் இருக்கும் கப்பல் தன் எரிபொருளையும் ஸ்டோர்ஸையும் சுங்கவரி இல்லாமல் பயன்படுத்தலாம், சுங்கச் சட்டத்தின் 87ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. பாரதீப்பில் கரி ஏற்றி எண்ணூரில் இறக்க அது கரையோரக் கப்பலாக மாறிய நொடியில் அந்தச் சலுகை நின்றுவிடும். டேங்குகளில் மீதமுள்ள எண்ணெயை அளந்து, பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்கான சுங்க ஆவணம்) போட்டு, கரையோர ஓட்டத்தில் எரிப்பதற்கு வரி கட்ட வேண்டும்.

தகராறு வருவது அளவில். சர்வேயர் எடுத்த சவுண்டிங்கும் (டேங்கில் உள்ள எண்ணெயின் ஆழ அளவு), கப்பலின் லாக் புத்தகமும், பங்கர் டெலிவரி ரசீதும் மூன்று எண்களைக் காட்டும். மாற்றும் நேரத்திலும், திரும்ப வெளிநாட்டு ஓட்டத்துக்கு மாறும் நேரத்திலும் கூட்டு அளவை எடுத்து, மாஸ்டர் (கப்பல் தலைவர்), சர்வேயர் இருவரின் கையெழுத்தோடு ஒரே தாளில் வைத்திருங்கள். திரும்ப மாறியதைப் பதிய மறந்தால், அதன்பின் நிரப்பிய எண்ணெய்க்கும் வரி கேட்பார்கள்.

13. இ-வே பில் அஞ்சு நாள்ல காலாவதி ஆயிடுது, கப்பலோ இன்னும் கடல்லயே இருக்கு!

சாலை என்று தேர்ந்தெடுத்திருப்பீர்கள். இ-வே பில் என்பது சரக்கு நகரும்போது உடன் இருக்க வேண்டிய மின்னணுச் சீட்டு. சாதாரண இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். பயணத்தில் ஒரு பகுதியாவது கப்பலில் என்றால், 138(10)ஆம் விதியின்படி 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். 1,000 கிலோமீட்டருக்கு முதலாவது 5 நாள் தரும், இரண்டாவது 50 நாள். போர்ட்டலில் 'கப்பல் / சாலையும் கப்பலும்' என்பதைத் தேர்ந்து, பில் ஆஃப் லேடிங் எண்ணும் தேதியும் போடுங்கள்.

இறங்கிய துறைமுகத்திலிருந்து லாரி புறப்படும் முன் வண்டி எண்ணைப் புதுப்பிக்க வேண்டும். மோர்பி டைல்ஸ் தூத்துக்குடி வாசலைத் தாண்டியதும் மாட்டுவது பெரும்பாலும் இதில்தான். காலாவதியாகும் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னும் 8 மணி நேரம் பின்னும் நீட்டிக்க வழி உண்டு. உப்பு போன்ற வரியில்லாச் சரக்குக்கு இ-வே பில்லே தேவையில்லை.

14. வீட்டு வாசல்ல இருந்து வாசல் வரைக்கும் ஒருத்தரே லாரி, கப்பல், லாரின்னு செஞ்சா?

அது பலவழிப் போக்குவரத்து. முன்பு 12% இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல், விமானம் கலக்காவிட்டால் குறைந்த கிரெடிட்டோடு 5%, மற்றபடி 18%. உப்பு, அரிசி அனுப்புபவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். 20ஆம் வரிசை கப்பல் போக்குவரத்துக்குத்தான் விலக்கு தருகிறது, பலவழிப் போக்குவரத்துக்கு அல்ல. லாரிக்குத் தனி ஒப்பந்தம், கப்பலுக்குத் தனி ஒப்பந்தம் போட்டால் இரண்டிலுமே இந்தச் சரக்குகளுக்கு விலக்கு இருக்கிறது.

15. டன்னேஜ் டாக்ஸ்னு சொல்றாங்களே, அது பார்ஜுக்கும் வந்துடுச்சா?

வந்துவிட்டது. 2004இல் கடல் கப்பல்களுக்கு வந்த வருமான வரித் திட்டம் இது. 2025 நிதிச் சட்டம் இதை 2021 சட்டப்படி பதிவான உள்நாட்டுக் கலங்களுக்கும் 2026-27 மதிப்பீட்டு ஆண்டு முதல் நீட்டியது. இதில் லாபத்துக்குப் பதிலாகக் கப்பலின் நிகர டன்னை (சரக்கு ஏற்றும் கொள்ளளவின் அளவீடு) பார்த்து வருமானம் கணிக்கப்படும். 1,000 டன் வரை ஒவ்வொரு 100 டன்னுக்கும் நாளுக்கு 70 ரூபாய். அதற்கு மேல் 10,000 வரை 53, பிறகு 25,000 வரை 42, அதற்கும் மேல் 29.

20,000 நிகர டன் கரிக்கப்பலுக்கு நாளுக்கு 700 + 4,770 + 4,200 = 9,670 ரூபாய். ஆண்டு முழுக்க 35,29,550. இதுதான் வரிக்குரிய வருமானம். சுமார் 25% என்றால் வரி ஏறக்குறைய 9 லட்சம். 600 டன் பார்ஜுக்கு நாளுக்கு 420, ஆண்டுக்கு 1,53,300 வருமானம்.

சேரும் முன் யோசிக்க வேண்டியவை பல. இந்திய கம்பெனிக்கு மட்டுமே இது, தனிநபருக்கோ கூட்டு நிறுவனத்துக்கோ இல்லை. 10 ஆண்டுக்குக் கட்டுப்பட வேண்டும். நடுவில் விலகினால் அடுத்த 10 ஆண்டு திரும்பச் சேர முடியாது. ஆண்டுதோறும் புத்தக லாபத்தில் 20%ஐத் தனி இருப்பில் வைத்து 8 ஆண்டுக்குள் புதுக் கலத்தில் போட வேண்டும். தொடர்ந்து 2 ஆண்டு வைக்காவிட்டால் திட்டமே போய்விடும். நஷ்டம் வந்த ஆண்டிலும் டன் கணக்கு ஓடும். தேய்மானம் அதிகமுள்ள புது பார்ஜ் வைத்திருப்பவருக்குச் சாதாரண முறையே முதல் சில ஆண்டுகள் மலிவாக இருக்கலாம், இரண்டையும் போட்டுப் பாருங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுப் புதிய வருமான வரிச் சட்டம் வருவதால் பழைய 115வி வரிசைப் பிரிவு எண்கள் மாறும்.

16. கோஸ்டல் கப்பல்ல வேலை செய்யறேன். 183 நாள் கடல்ல இருந்தா சம்பளத்துக்கு வரி இல்லைதானே?

உங்களுக்கு அது பொருந்தாது. கடலில் இருந்த நாட்களை இந்தியாவுக்கு வெளியே இருந்ததாக எண்ண, வருமான வரி விதிகளின் 126ஆம் விதி 'தகுதியான பயணம்' கேட்கிறது. இந்தியத் துறைமுகத்தில் தொடங்கி வெளிநாட்டில் முடிவது, அல்லது அதற்கு நேர்மாறு. சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு எத்தனை முறை போனாலும் நீங்கள் இந்தியாவில்தான் இருக்கிறீர்கள். ஒரே ஆண்டில் இரண்டு வகைக் கப்பலிலும் வேலை செய்தவர் சிடிசியில் (மாலுமியின் பணிப் பதிவேடு) உள்ள ஏறிய, இறங்கிய தேதிகளை வெளிநாட்டுப் பயணத்துக்கு மட்டும் எண்ண வேண்டும்.

17. போர்ட்ல கோஸ்டல் சரக்குக்கு 40% குறைவு. இது வரிவிலக்குக்கு மேலயா?

இது வரி அல்ல, கட்டணச் சலுகை. பெரிய துறைமுகங்களில் கரையோரக் கப்பல், சரக்குக் கட்டணம் வெளிநாட்டு ஓட்டத்தின் கட்டணத்தில் 60%. அனல்மின் நிலையக் கரி, கச்சா எண்ணெய், பெட்ரோலியப் பொருள், இரும்புத்தாது ஆகியவற்றின் சரக்குக் கட்டணத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. குறைந்த கட்டணத்தின் மேல் 18% ஜிஎஸ்டி வழக்கம்போல வரும்.

2024 டிசம்பர் 15 அன்று தொடங்கிய ஜல்வாஹக் திட்டமும் மானியம்தான். கங்கை, பிரம்மபுத்திரா, பராக் தடங்களில் 300 கிலோமீட்டருக்கு மேல் போகும் சரக்குக்கு, நீர்வழி இயக்கச் செலவில் 35% வரை திருப்பித் தருகிறார்கள். தமிழகக் கரையோரச் சரக்குக்கு அது கிடையாது.

18. தூத்துக்குடியிலிருந்து கொச்சி போய் அங்கிருந்து வெளிநாடு போற கன்டெய்னர்?

தூத்துக்குடி–கொச்சிப் பகுதிக்குத் தனி பில் என்றால் 5%. தூத்துக்குடியிலிருந்தே வெளிநாட்டுக்கு ஒரே பில் என்றால் அது ஏற்றுமதி ஃப்ரெய்ட். 2018 ஜனவரியில் வந்த ஏற்றுமதி ஃப்ரெய்ட் விலக்கு 2022 செப்டம்பர் 30 உடன் முடிந்துவிட்டது, அதன்பின் அதற்கும் 5% தான். மாலத்தீவுக்குக் காய்கறி ஏற்றும் தோணிக்காரருக்கும் இதே கணக்கு. வெங்காயம் என்பதால் கேள்வி 3இன் விலக்கை இங்கே காட்ட முடியாது, 20ஆம் வரிசை இந்தியாவுக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதற்கு மட்டும்தான். லட்சத்தீவுக்குப் போனால் காட்டலாம்.